என் மனுவுக்கு நானே எழுதிய பதில்

"இதுக்கு ஒரு பதில் எழுதணும் சார். நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

நவமணி அம்மாள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி மூன்று தாள்களை என் பக்கம் தள்ளினார். வெளியே சாரல். ஓட்டு இடுக்கில் ஒழுகிய தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அறை முழுக்க நனைந்த குடைத்துணியின் வாடை.

நான் தாள்களைத் தொடவில்லை. தொடாமலே அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மனப்பாடம். எழுதியவன் நான்தானே!

அது ஒரு மொட்டை மனு. எங்கள் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியையான அந்த அம்மாள்மேல், பெயர் போடாமல், கல்வி இலாகா டெபுடி இன்ஸ்பெக்டருக்குத் தபாலில் போனது. 'பாதிக்கப்பட்ட ஆசிரியர்கள்' என்று மட்டும் அடியில் போட்டிருந்தேன்.

"நானா?" என்றேன்.

"ஆசிரியர்கள்னு போட்டிருக்குல்லா? ஆசிரியர்ல ஒருத்தரு, பேரும் கையெழுத்தும் போட்டு பதில் குடுத்தா போதும், மேல விசாரண வேண்டாம்னு நேத்து வந்தப்ப இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு. சங்கரலிங்கம் சாருக்குக் கை நடுங்கும். ஒங்களவிட நல்லா எழுதுத ஆளு இங்க யாரு இருக்கா?"

முகத்தைப் பார்த்தேன். சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா? இத்தனை வருஷம் கழித்தும் அந்த முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டுச் செங்கோட்டையிலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். 'உங்கள் நினைவுகளில் தப்பெல்லாம் அடுத்தவர்கள்தான் செய்கிறார்கள், தாங்கள் மட்டும் வெள்ளை வெளேர் என்று இருக்கிறீர்களே, அது எந்தச் சலவைக்காரர் உபயம்?' என்று கேட்கிறார். கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். ஐயா, இந்த வாரம் உமக்காகவே எழுதுகிறேன். நிம்மதியாகப் படியும்.

இரண்டு பள்ளிக்கூடம் ஒன்றான கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். தென்காசியில் நான் வேலை பார்த்தது ஆண்பிள்ளைகள் படிக்கும் ஜில்லா போர்டு பள்ளிக்கூடம். இரண்டு தெரு தள்ளிப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். சிக்கனம், சிக்கனம் என்று மேலிடத்தில் ஒரே பேச்சாக இருந்த காலம். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள்.

எங்கள் பழைய ஹெட்மாஸ்டர் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். அந்த இடம் எனக்குத்தான் என்று நான் நினைத்தேன். ஊரும் நினைத்தது. என் மனைவி கோமதி தெருக்காரர்களுக்குக் கற்கண்டே கொடுத்துவிட்டாள். உத்தரவு வந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை நவமணி அம்மாளே சேர்த்த பள்ளிக்கும் தலைமை.

காரணமும் உத்தரவிலேயே இருந்தது. அவருக்குப் படிப்பு என்னைவிட ஒரு படி மேல், சர்வீஸும் கூடுதல். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எங்களுக்கு அது போதவில்லை. அந்தத் தாளில் இல்லாத எதையோ அதில் தேடினோம்.

"வே மாணிக்கம், இதுல என்னமோ இருக்கு," என்றார் சங்கரலிங்கம் அண்ணாச்சி. எங்களில் வயதில் மூத்த வாத்தியார் அவர். "அஞ்சு ஆம்பள இருக்கையில ஒரு பொம்பளையத் தூக்கி மேல வைப்பானா? யாரப் பிடிச்சா, எப்படிப் பிடிச்சாங்கிறதப் பாக்கணும்வே."

பார்த்தோம். வருஷம் முழுக்க அதே வேலையாகப் பார்த்தோம்.

நின்றே தீர்த்த ஒரு வருஷம்

தலைமையாசிரியர் ஆசிரியர் அறைக்குள் வந்தால் மற்றவர்கள் எழுந்திருக்க வேண்டும். அது முறை. பெண்பிள்ளைக்கு எப்படி எழுந்திருப்பது? எழுந்திருக்காவிட்டால் அது குற்றம். அண்ணாச்சிதான் வழி கண்டுபிடித்தார். அந்த அம்மாள் வருவதற்கு முன்பே எழுந்து நின்றுவிடுவது!

காலையில் முதல் மணிக்குக் கொஞ்சம் முந்தியே ஐந்து பேரும் நிற்போம். அண்ணாச்சி சுவரில் தொங்கும் இந்தியா தேசப்படத்தில் கங்கை நதியைத் தேடுவார். ஒருத்தர் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். நான் என் மேல்துண்டை உதறி உதறி மடிப்பேன். அம்மாள் உள்ளே வருவார். நாங்கள் அவருக்காக நின்றோம் என்று எவனும் சொல்ல முடியாது.

"உக்காருங்க சார்," என்பார் அவர். போச்சா! இப்போது உட்கார்ந்தால் அவர் சொல்லி உட்கார்ந்ததாக ஆகும். ஆகவே அவர் தம் அறைக்குப் போகும்வரை நின்றுகொண்டே இருப்போம். அண்ணாச்சிக்கு முழங்காலில் வாயு. அந்த வருஷம் அவர் தடவிய தைலத்துக்கு அளவே கிடையாது.

அம்மாள் பிரம்பைத் தொடமாட்டார். "பயமில்லாமப் போச்சு, பிள்ளையள் கெட்டுக் குட்டிச்சுவராப் போகுது," என்றோம். ஒரு தடவை, சின்னப் பையன் கண்ணில் மை ஊற்றிய ஒரு தடியனை நாலு சாத்து சாத்தினார். "இது பொம்பளைதானா?" என்றோம். சாயங்காலம் நேரம் கழித்து இருந்தால், வீட்டில் காத்திருக்க ஆளில்லாதவள் என்று பேச்சு. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது ஏன் ஆகவில்லை என்பதற்கு எங்களிடம் ஐந்து காரணம் இருந்தது, ஆளுக்கு ஒன்று.

வீட்டில் மட்டும் எனக்கு வேறு அடி விழும். "நான் ஒரு சொல்லு சொன்னா காதுல வாங்குதியளா? அங்கன போயி அந்தம்மா மணியடிச்சா ஓடுதிய," என்பாள் கோமதி. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

சாரலும் மனுவும்

அந்தக் காலத்தில் தென்காசிப் பள்ளிக்கூடங்களுக்கு இன்ஸ்பெக்ஷன் எப்போது வரும் என்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம். மலையில் மேகம் இறங்கி, குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துவிட்டது என்றால், இன்ஸ்பெக்டர் புறப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். குற்றாலம் பங்களாவில் தங்குவார். ஒரு நாள் பள்ளிக்கூடம், மிச்ச நாள் அருவி. எண்ணெய், சீயக்காய், மங்குஸ்தான் பழம் எல்லாம் நாங்கள் சேகரித்துக் கொடுப்போம்.

ஆகவே எங்கள் பக்கத்தில் மனு எழுதுவதற்கும் அதுதான் பருவம். நல்ல சாரலில் கைக்குக் கிடைத்தால்தான் அது அங்கேயே விசாரணைக்கு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோமதி பிள்ளைகளோடு தாய்வீடு போயிருந்த பகல்வேளை, உட்கார்ந்து எழுதினேன். இடதுகையால் எழுதினேன். கோணல் மாணலாக வந்தது, சந்தோஷமாக இருந்தது. நான்கு குற்றச்சாட்டு.

ஒன்று, பள்ளியில் கட்டுப்பாடு இல்லை. இரண்டு, தலைமையாசிரியை சனிக்கிழமைதோறும் ஐந்தருவிக்குத் தனியாகப் போகிறார். மூன்று, அவரை நம்பிப் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள். நான்கு, அவருடைய நடத்தை சந்தேகத்துக்கு இடமானது.

நான்காவதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. அதுதான் அதில் உள்ள சௌகரியம். படிக்கிறவன் தன் மனசுக்குப் பிடித்த அர்த்தத்தைப் போட்டுக்கொள்வான்.

மூன்று தாள் வந்தது. மூலையில் ஓட்டை போட்டு நூல் கட்டினேன். தென்காசித் தபால் முத்திரை விழக்கூடாது என்று குற்றாலம்வரை நடந்துபோய் அங்கே பெட்டியில் போட்டேன். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! அப்படியே அருவியில் குளித்துவிட்டும் வந்தேன்.

உள்ளதை எழுதுங்க சார்

இப்போது அந்த மூன்று தாளும் என் முன்னால். அம்மாள் வெள்ளைத்தாளும் மைக்கூடும் எடுத்து வைத்தார்.

"எனக்குச் சாதகமா எழுத வேண்டாம். ஒரு வருஷமா நீங்க கண்ணால பாத்தத எழுதுங்க," என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைத் திருப்பத் தொடங்கினார்.

முதல் குற்றச்சாட்டு. கட்டுப்பாடு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழைக்கு வராந்தாவில் ஒண்டியிருந்த வகுப்பு சத்தமில்லாமல் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தது. பழைய ஹெட்மாஸ்டர் காலத்தில் மழை வந்தால் பள்ளிக்கூடம் சந்தையாகிவிடும். அதை எழுதினேன். எழுத எழுத எனக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அது நிஜம்.

இரண்டாவதற்கு வந்ததும் பேனா நின்றது. "ஐந்தருவிக்கு... எதுக்குப் போறீங்கன்னு எழுத?"

அவர் தலை நிமிர்ந்தார். "அருவிக்கு எதுக்கு சார் போவாங்க? குளிக்கத்தான்."

"இல்ல, தனியான்னு போட்டிருக்கு..."

"அங்கன ஒங்களையும் நான் சனிக்கிழம சனிக்கிழம பாத்திருக்கேன். நீங்க யாரு கூட வந்திருந்தீங்க?"

நான் தனியாகத்தான் போயிருந்தேன். குனிந்து, 'குளிக்க' என்று எழுதினேன்.

மூன்றாவது. சேர்த்த புதிதில், பையன்களோடு உட்கார வேண்டுமே என்று சில பெண்பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள் என்பது உண்மை. அம்மாள் வீடு வீடாகப் போய், நெசவுத் தெருவிலும் மரக்கடைக்காரர்கள் தெருவிலும் தாய்மாரோடு உட்கார்ந்து பேசி, பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவந்தார் என்பதும் உண்மை. மனுவில் முதல் பாதியை மட்டும் எழுதியிருந்தேன். பதிலில் இரண்டையும் எழுதினேன்.

நான்காவதற்கு, 'எனக்குத் தெரிந்தவரை நடத்தையில் குறை இல்லை' என்று எழுதினேன். அதில் ஒரு சின்ன விஷம் இருந்தது. எனக்குத் தெரியாதது இருக்கலாம் அல்லவா? பழக்கதோஷம், கை விடவில்லை.

"நாலாவது என்ன எழுதினீங்க? வாசிங்க," என்றார்.

வாசித்தேன். பதிவேட்டை மூடி வைத்தார். அந்த ஒரு இடத்தில்தான் அவர் குரல் லேசாக உடைந்தது.

"இந்த வேல போனா எனக்கு வேற போக்கு இல்ல சார். எங்கம்மாவும் நானும் இதுலதான் சாப்பிடுதோம். நீங்க எழுதுத ஒவ்வொரு சொல்லும் அங்கன எட போடுவாங்க."

'எனக்குத் தெரிந்தவரை' என்பதை அடித்தேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று எல்லாத் தாளையும் புதிதாக எழுதினேன். என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அவர் வாங்கிப் படிக்கவில்லை. நூலை நீட்டினார். "நீங்களே கட்டிருங்க சார். நான் கட்டினா அவுந்து போகும். பங்களாவுக்கும் நீங்களே கொண்டு போனா நல்லது. அந்த மனுவையும் திருப்பிக் குடுக்கணும்."

பங்களாவில்

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல். சாரல் குடைக்கு அடங்காமல் பக்கவாட்டில் அடித்தது. இடுப்பில் இரண்டு கட்டும், ஒன்று பொய், ஒன்று மெய். வழியெல்லாம் ஒரே யோசனை. அம்மாளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் கத்தவில்லை?

இன்ஸ்பெக்டர் பங்களா தாழ்வாரத்தில் உடம்பெல்லாம் எண்ணெயோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தேய்க்கிறவர் தோளை அமுக்கிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். இரண்டு கட்டையும் வாங்கினார். என் பதிலைப் பிரிக்க நூலை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் மனுவை எடுத்து மூலையைப் பார்த்தார். பதிலின் மூலையைப் பார்த்தார். தேய்க்கிறவரைப் போகச் சொன்னார்.

எங்கள் வீடு தறி வீடு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் இழை அறுந்தால் தறிக்காரர்கள் ஒரு முடிச்சுப் போடுவார்கள். கண்ணுக்கே தெரியாது, தடவினால் கையில் தட்டாது, நகத்தால் அவிழாது. அப்பாவிடம் ஆறு வயதில் கற்றது. எழுத்தை இடதுகைக்கு மாற்றத் தெரிந்த எனக்கு முடிச்சை மாற்றத் தோன்றவே இல்லை. தோன்றாது. என் விரலுக்கு வேறு முடிச்சு தெரியாது.

"அந்த மனுவையும் அவுக்க முடியலே. ரெண்டு நாளா அப்படியேதான் புரட்டிப் படிச்சேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "என்ன வாத்தியாரே, ரெண்டும் உம்ம கைதானே?"

வேலை போயிற்று என்று முடிவு பண்ணிவிட்டேன். கோமதியும் இரண்டு பிள்ளைகளும் கண்முன் வந்து நின்றார்கள்.

"எது மெய்? அதை மட்டும் சொல்லும்."

இந்த இடத்தில் மனு மெய், பதில் அந்த அம்மாள் மிரட்டி வாங்கியது என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் நம்பக்கூடத் தயாராக இருந்திருக்கலாம். சொல்லவில்லை. என் ஆயுசில் நான் செய்த ஒரே யோக்கியமான காரியம் அது.

"பதில்தான் மெய்யிங்க. மனு பூராவும் பொய். ஆத்திரத்துல எழுதிட்டேன்."

"தெரியும்யா," என்றார் அவர் சர்வ சாதாரணமாக. "நேத்து நானே வந்து பார்த்தேனே. ஜில்லாவிலே இப்படி நடக்கிற பள்ளிக்கூடம் ரெண்டு இருந்தா அதிகம்."

எனக்கு மூச்சு வந்தது. அம்மாள் தப்பித்தார் என்று நினைத்தேன்.

"ஆனா இத பாரும். அஞ்சு ஆம்பளைங்க ஒரு பொம்பளைக்குக் கீழே இருக்கமாட்டீங்க. இன்னிக்கு நீர் எழுதினீர், நாளைக்கு இன்னொருத்தன் எழுதுவான். வருஷா வருஷம் நான் இதையே படிச்சிண்டிருக்க முடியுமா? அந்த அம்மாளைப் பெண்கள் பள்ளிக்கூடம் எதுக்காவது உதவி ஆசிரியையா மாத்தச் சொல்லி எழுதறேன். அவங்களுக்கும் தொந்தரவு இல்லே. இங்கே நீர் சார்ஜ் எடுத்துக்கும். எழுதத் தெரிஞ்ச ஆள், உம்மளை வெளியே விடறதைவிட உள்ளே வச்சுக்கறது நல்லது."

சொல்லிக்கொண்டே மனுவைக் கிழித்தார். பதிலையும் கிழித்தார். "ரெண்டும் ஃபைல்லே வேண்டாம். எனக்கும் நல்லதில்லே, உமக்கும் நல்லதில்லே." எண்ணெய்க் கையோடு தாழ்வாரத்துக்கு வெளியே எறிந்தார். சாரலில் மை கரைந்து ஓடியது.

நான் அந்த இடத்தில் மறுத்துவிட்டேன் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? மறுக்கவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன். வருகிற வழியில் வீட்டுக்கு அரைச் சீப்பு மலைப்பழம் வாங்கினேன்.

ஒப்படைப்பு

மாற்றல் உத்தரவு வந்த அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது. மொட்டை மனு போன விஷயம் அதற்கு முன்பே பரவியிருந்தது.

"பாத்தேரா வே," என்றார் அண்ணாச்சி. "மாத்திட்டான்லா! அப்ப மனுவுல கண்டது உள்ளதுதான். ஒண்ணும் இல்லாமலா மாத்துவான்?"

"அதெல்லாம் பொய் அண்ணாச்சி," என்றேன்.

"ஒமக்கு எப்படித் தெரியும்?" என்றார். எப்படித் தெரியும் என்று நான் சொல்ல முடியுமா? நாலு தெருவிலும் பேச்சு அப்படியே நிலைத்தது. அவர் அலைந்து கூட்டிவந்த பெண்பிள்ளைகளில் சிலரை அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாள் எனக்குப் பொறுப்பை ஒப்படைத்தார். பதிவேடுகள், சாவிக்கொத்து, பூகோளப் படங்கள், உடைந்த ஹார்மோனியம் ஒன்று. ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் காட்டினார். எந்தப் பையனுக்குக் கண் சரியில்லை, எந்தப் பெண்ணை முன் வரிசையில் உட்கார்த்த வேண்டும் என்பதுவரை சொன்னார். கையெழுத்துப் போட்டேன்.

தாங்க முடியாமல் நானே கேட்டேன். "அம்மா, ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"பரீட்சப் பேப்பர் கட்டையெல்லாம் ஒரு வருஷமா நான்தானே அவுக்கேன் சார்," என்றார். "ஒங்க கட்டுல எனக்கு எத்தன நகம் ஒடிஞ்சிருக்கு! ஒங்க கையாலயே மெய்ய எழுத வச்சா எல்லாம் சரியாப் போகும்னு நெனச்சேன்."

"நான் மெய்யத்தான் எழுதினேன். அவருகிட்டயும் அதைத்தான் சொன்னேன். மனு பொய், பதில்தான் மெய்யின்னு சொன்னேன். சத்தியமாச் சொன்னேன் அம்மா."

"அந்தப் பதிலு எங்க?"

"கிழிச்சிட்டாரு."

"சரி. இந்த எடத்துல ஒங்களப் போடுதேன்னு சொன்னப்போ, வேண்டாம்னு சொன்னீங்களா?"

நான் சாவிக்கொத்தில் சாவிகளை எண்ணத் தொடங்கினேன். அவர் காத்திருந்தார். நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தார்.

"அப்ப நீங்க மெய் சொன்னீங்கன்னு நான் எப்படி சார் நம்புதது?"